தனி வழி போகலாமா?

2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொலன்னாவையிலுள்ள எங்கள் சிறிய வீட்டின் முன்விறாந்தையிலே குடும்ப மகாநாடு ஒன்று கூடியிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து என் தமக்கையார் வந்திருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து என் மனைவியின் தமையனார் வந்திருந்தார். சாய்மனைக் கதிரையில் என் தாயார் வீற்றிருந்தார். கலியாணப் பேச்சோ, காணிப் பிணக்கோ என்று அயலவர் எண்ணியிருத்தல் கூடும். இரண்டுமன்று. பல்கலைக்கழகத்திலே வரலாறு பயின்றுகொண்டிருந்த என் மகள், அநுராதபுரத்துக்குத் தனியே போய்வர வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அவ்வளவே.

“பொம்பிளைப் பிள்ளை தனியப் போறதோ? உனக்கென்ன விசரோ?” என்று என் தாயார் என்னைக் கேட்டார். மகளை அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை ஆசைப்பட்டது பிழையன்று, அதைத் தகப்பன் காதுகொடுத்துக் கேட்டதே பிழை என்பது அவர் கட்சி.

“தம்பி, கூட ஒரு சிநேகிதப் பிள்ளையையாவது அனுப்பு” என்றார் தமக்கையார்.

மைத்துனரோ இன்னும் தாராள மனத்தினர். “ஏன் யோசிக்கிறியள்? ஒரு வான் பிடிப்பம். எல்லாருமாய்ப் போவம். பிள்ளைக்கும் பார்த்த மாதிரி, எங்களுக்கும் பார்த்த மாதிரி” என்றார்.

மகள் பணிவாகவே விடையளித்தாள். “மாமா, போன முறையும் வானிலைதானே போனோம்? அபயகிரியிலை எத்தனை நிமிஷம் நிண்டோம்?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கூட்டத்தோடு போன கதை

அந்தப் பிரயாணத்தை நானும் மறக்கவில்லை. பதினான்கு பேர் ஏறிய வான். புட்டுப் பொட்டலமும், சம்பலும், அவித்த முட்டையும், தேநீர்ப் போத்தலும் ஒரு கூடை நிறைய இருந்தன. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. ஆறரைக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் பாட்டும் சிரிப்பும். குருநாகலிலே ஒரு குழந்தைக்கு வாந்தி. தம்புள்ளையிலே இரு மாமிமாருக்கிடையில் யன்னலோர ஆசனம் பற்றிய சிறு மனத்தாங்கல். அநுராதபுரத்தை அடைந்தபோது உச்சிவெயில். ஒவ்வோரிடத்திலும் இறங்கினோம். படம் பிடித்தோம். “எல்லாரும் வந்தாச்சோ?” என்று எண்ணிப் பார்த்தோம். மீண்டும் ஏறினோம். அபயகிரியில் நாம் நின்றது பத்து நிமிடம். அதில் ஐந்து நிமிடம், காணாமற்போன ஒரு செருப்பைத் தேடுவதிலே கழிந்தது.

குடும்பத்தோடு போகும் பயணத்தை நான் இழித்துரைப்பதாக எவரும் கருதவேண்டாம். அதன் இன்பமே வேறு. உறவினரோடு கூடியிருத்தல் அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறவும் செய்கின்றது. ஆனால் அப்பொழுது நாம் நமது வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போகின்றோம். நம் சமையல், நம் பேச்சு, நம் சண்டை யாவும் உடன் வருகின்றன. கண்ணாடிக்கு வெளியே ஊர்கள் ஓடுகின்றன. அவ்வூர்களிலே வாழும் மனிதர் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் நாம் திரும்பி வந்துவிடுகின்றோம்.

தனியே போகின்றவனுக்கு அஃது இயலாது. வழி கேட்பதற்கும், உணவு வாங்குவதற்கும், மழைக்கு ஒதுங்குவதற்கும் அவன் பிறரை நாடியே தீரவேண்டும். தனிப் பயணம் என்பது மனிதரை விட்டு விலகிப் போவது என்று நாம் நினைக்கின்றோம். உண்மையில் அது, முன்பின் அறியாத மனிதரிடம் போய்ச் சேர்வதற்குரிய வழி.

அச்சத்தின் வேர்

அதிவீரராம பாண்டியர் இயற்றிய வெற்றிவேற்கையை நம்மவர் சிறுபராயத்திலேயே மனனம் செய்தனர். துணையின்றி நெடுந்தூரம் செல்லாதே என்ற அறிவுரை அதிலே உண்டு. காடும் கள்வரும் நிறைந்த வழிகளில் மக்கள் கால்நடையாகச் சென்ற பதினாறாம் நூற்றாண்டில் அது பொன்போன்ற மொழி. ஆயினும் என் தாயாரின் மறுப்புக்கு வேர் அந்த நீதிநூலில் இல்லை.

1983 ஆடிக்கு முன்னர், உத்தியோகத்துக்கு வந்த இளைஞனாகிய நான், மாதம் ஒரு முறை இரவுத் தபால் வண்டியேறித் தனியே யாழ்ப்பாணம் போவேன். தாயார் அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அந்த ஆடிக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. 1956 சித்திரையில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் யாழ்ப்பாணம் போவதை நிறுத்தியது. ஏ-9 நெடுஞ்சாலை 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகளிலே தங்கியிருந்தோர், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இன்றிக் கடைத்தெருவுக்கும் போக அஞ்சினர். 2007 ஆனி 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளிலிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு வெளியேற்றப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததையும் நாம் அறிவோம்.

என் தாயாரோ 1995 ஐப்பசியின் இறுதியில், வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நடந்தபோது அவர்களோடு நடந்தவர். “அண்டைக்குச் சனத்தோடை சனமாய்ப் போனபடியாலைதான் தப்பினனான். தனிய நிண்டிருந்தால் இண்டைக்கு இந்தக் கதிரையிலை நானில்லை” என்று அவர் கூறியபொழுது, எங்களில் எவருக்கும் மறுமொழி இருக்கவில்லை.

ஆகவே, அன்பர்களே, நம் வீடுகளிலே தனிப் பயணத்துக்கு இருக்கும் தடை வெறும் பழைமைவாதமன்று. அது பட்ட அநுபவம். போர் 2009 வைகாசியிலே முடிந்தது. புகையிரதம் 2014 ஐப்பசியில் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. எனினும் பாதை திறந்த அளவுக்கு மனம் திறக்கவில்லை. பெற்றோரின் அச்சத்தைப் பிள்ளைகள் பிதுரார்ச்சிதமாகப் பெற்றுக்கொள்ள வேண்டுமா என்பதே அன்று எங்கள் விறாந்தையிலே எழுந்த உண்மையான கேள்வி.

வெண்பட்டு விசிறி

“அப்படி அங்கை என்ன பிள்ளை இருக்கு?” என்று தமக்கையார் வினவினார். மகள் ஒரு கதை சொன்னாள்.

சீன நாட்டிலே பாகியன் என்றொரு பௌத்தத் துறவி இருந்தார். விநய நூல்களின் நல்ல பிரதிகளைத் தேடி, கி.பி. 399இல் அவர் சங்கான் நகரை விட்டுப் புறப்பட்டார். அப்பொழுதே அவருக்கு அறுபது வயது இருக்கலாம் என்பர். துணைக்குச் சிலர் உடன் சென்றனர். பனிமலையிலே ஒருவர் மாண்டார். சிலர் இடைவழியில் திரும்பினர். இறுதிவரை உடனிருந்த ஒருவர் பாடலிபுத்திரத்திலேயே தங்கிவிட்டார். தம்முடைய நிழலன்றி வேறு துணையின்றி அம்முதியவர் கப்பலேறி இலங்கை வந்தார். அது கி.பி. 410ஐ ஒட்டிய காலம்.

அபயகிரி விகாரையில் அப்பொழுது ஐயாயிரம் துறவிகள் வாழ்ந்தனர் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அங்கே பச்சை மணிக்கல்லாலான பெரிய புத்தர் சிலை ஒன்றின் முன் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வணிகர் வந்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்தார். அது சீன நாட்டு விசிறி. அதைக் கண்டதும் அத்துறவியின் கண்கள் நிறைந்து வழிந்தன.

அழுத பின் அவர் செய்தது யாது? அடுத்த கப்பலைப் பிடித்து ஊருக்கு ஓடவில்லை. இரண்டு ஆண்டுகள் இந்நாட்டிலே தங்கினார். தாம் தேடிய நூல்களைப் பெற்றார். பெரும் புயலிலே அகப்பட்டும் அவற்றைக் கைவிடாது தாயகம் கொண்டுசேர்த்தார். அக்காலத்து அநுராதபுரத்தின் வீதிகளையும் விழாக்களையும் நாம் இன்று அறிவதற்கு அவருடைய குறிப்புகள் பெருந்துணை புரிகின்றன. தனிமையின் துயரை மறைக்காமல் எழுதிய ஒருவர், தாம் கண்டவற்றையும் ஊன்றிக் கண்டு எழுதினார்.

“அவர் அழுத இடத்திலை நான் கொஞ்ச நேரம் தனிய நிக்கவேணும். அதுக்குத்தான் கேட்கிறன்” என்றாள் மகள்.

கண்ணீரோடு தொடங்கிய பயணங்கள்

வரலாற்றைப் புரட்டினால், பெரும்பயணிகள் அச்சமே அறியாதவர்கள் என்ற எண்ணம் நீங்கிவிடும். மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரத்தவரான இப்னு பதூதா, 1325இல் தமது இருபத்தோராம் வயதிலே மக்கா நோக்கிப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் உயிரோடிருந்தனர். பிரிவு இருசாராரையும் வருத்திற்று. வழித்துணை எவருமில்லை. தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் வந்து ஏனையோரை எதிர்கொண்டு முகமன் கூறினர். அவரை அறிந்தவர் அங்கு எவருமில்லை. அவ்விளைஞர் வாய்விட்டு அழுதார். அதைக் கண்ட யாத்திரிகர் ஒருவர் அருகே வந்து நலம் விசாரித்து ஆறுதல் கூறினார். பின்னர் முப்பது ஆண்டளவில் உலகின் பெரும்பகுதியைச் சுற்றியவரின் முதற்பாடம் அதுவே. அழுகின்றவனிடம் வருவதற்கு யாரோ ஒருவர் எங்கும் இருக்கின்றார்.

அவர் 1344இல் இலங்கைக்கும் வந்தார். புத்தளத்திலே அவரை வரவேற்றவர் தமிழ் மன்னராகிய ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீக மொழி தெரிந்த அம்மன்னரோடு அவர் அளவளாவினார். சிவனொளிபாத மலையைத் தரிசிப்பதே தம் விருப்பம் என்று அவர் கூறியதும், பல்லக்கும், வழிகாட்டிகளாக யோகிகளும் பிராமணரும், உணவு சுமப்பதற்கு ஆட்களும் கொடுத்து மன்னர் அனுப்பிவைத்தார். வந்தவர் வேற்று நாட்டவர், வேற்று மதத்தவர், வேற்று மொழியினர். ஆயினும் வழிப்போக்கருக்கு வழித்துணை அளித்தல் நம் முன்னோரின் பண்பாயிருந்தது. வழிப்போக்கனை வரவேற்கத் தெரிந்த மக்கள், தாமும் வழிப்போக்கராகத் தெரிந்திருக்க வேண்டாமா?

நம்மவரிலே அதற்கு எடுத்துக்காட்டு வேண்டின், ‘உலகம் சுற்றும் தமிழன்’ எனப் பெயர்பெற்ற ஏ. கே. செட்டியாரைக் கூறலாம். 1911இல் கோட்டையூரிலே பிறந்தவர். இரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்தியவர். யப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 ஒக்ரோபர் 2ஆம் நாள், நியூயோர்க்கிலிருந்து அயர்லாந்து செல்லும் கப்பலிலே இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கடற்பயணத்திலே அவருக்கு உதித்தது. வயது இருபத்தாறும் நிரம்பவில்லை. பேச்சுத் துணைக்கு நண்பர் குழாம் ஒன்று சூழ்ந்திருந்தால், அவ்வெண்ணம் சீட்டாட்டத்திலும் சிரிப்பிலும் கரைந்து போயிருக்கவும் கூடும்.

அதன் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், ஓர் இலட்சம் மைல் வரை அவர் அலைந்தார். இங்கிலாந்திலும், தென்னாபிரிக்காவிலும், பிற நாடுகளிலும் யார்யாரிடம் காந்தியடிகளின் படச்சுருள் இருந்ததோ, அவர்களையெல்லாம் தேடிச் சென்று கேட்டுப் பெற்றார். உலகப் போர் மூண்ட வேளையிலும் முயற்சியைக் கைவிடவில்லை. 1940இல் அந்தப் படம் திரைக்கு வந்தது. பிற்காலத்திலே ‘குமரி மலர்’ என்னும் பத்திரிகையைப் பல ஆண்டுகள் நடத்திய அவர், இவ்வநுபவங்களையும் எழுதினார். அவை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாக வெளிவந்துள்ளன. முன்பின் அறியாதவரின் கதவைத் தட்டக் கூசாமையே அவருக்கு மூலதனம். அந்தக் கூச்சம் நீங்குவதற்குத் தனிப் பயணத்தைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் உண்டோ?

மகள் போய் வந்த கதை

நிற்க. எங்கள் விறாந்தை மகாநாடு ஓர் உடன்பாட்டோடு முடிவுற்றது. ஒரே ஓர் இரவு மட்டும். அந்த இரவும் அநுராதபுரத்திலுள்ள என் பழைய கந்தோர் நண்பர் வீட்டிலே தங்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைக்க வேண்டும். நான்காம் முறை நாங்கள் அழைத்துத் தொல்லை கொடுக்கக் கூடாது. இறுதி நிபந்தனை மகளுடையது.

குறித்த நாள் அதிகாலையில் கோட்டைப் புகையிரத நிலையத்திலே அவளை வண்டியேற்றினேன். வண்டி நகர்ந்ததும் அவள் கையசைத்தாள். நான் வீடு திரும்பாமல் மேடையிலேயே ஒரு தூணருகே வெகுநேரம் நின்றிருந்தேன். அன்று முழுவதும் என் தாயார் தொலைபேசியை மடியிலே வைத்திருந்தார்.

ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வழி. அவள் யன்னலோரம் அமர்ந்து வயல்களையும் குளங்களையும் பார்த்துக்கொண்டு சென்றாள். அநுராதபுரத்தில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தாள். அபயகிரி வளவிலே இரண்டு மணி நேரம் இருந்தாள். வலகம்பா மன்னன் கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே நிறுவிய அந்த விகாரையின் பெருந்தூபி, வானைத் தொடும் செங்கல் மலைபோல நின்றது. மணிக்கல் சிலை இன்று அங்கில்லை. பாகியன் நின்ற இடம் இன்னதென்று குறிப்பாகச் சொல்லவும் இயலாது. ஆயினும் மரநிழலில் அமர்ந்து, அவள் தன் குறிப்புப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதினாள். வானிலே போனபோது ஒரு வரியும் எழுதவில்லை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

திரும்பும் வழியில் சைக்கிள் சங்கிலி அறுந்துவிட்டது. நண்பகல். ஆளரவம் குறைந்த பாதை. தள்ளிக்கொண்டே நடந்தாள். ஒரு மருத மரத்தடியிலே தாமரையும் அல்லியும் விற்றுக்கொண்டிருந்த முதிய சிங்கள மாது அவளை அழைத்து, “துவே, தனியாகவா வந்தாய்?” என்று கேட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பெயர் என்னவென்று கேட்டார்.

மகள் பின்னர் எங்களிடம் கூறினாள்: “அப்பா, என்ரை பேரைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் எடுத்தது. ஏனெண்டு எனக்கே தெரியேல்லை. அண்டைக்கு நீங்கள் பக்கத்திலை இருந்திருந்தால், நீங்களே கதைச்சு முடிச்சிருப்பியள்.”

அவள் பெயரைச் சொன்னாள். கேட்டாலே தமிழ்ப் பெண் என்று தெரியும் பெயர். அம்மாது அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. தம் பேரனைக் கூப்பிட்டுச் சங்கிலியைப் பூட்டச் சொன்னார். பின்பு தம் மகளைப் பற்றிப் பேசினார். கட்டுநாயக்காவிலே ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடுமுறை முடிந்து இரவு பஸ்ஸிலே தனியே போவாளாம். “அவள் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும் வரையில் எனக்கு உறக்கமில்லை. ஆனால் அவள் தனியே போவதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது” என்றாராம்.

கடையிலே சாமான் வாங்குமளவுக்கே சிங்களம் பேசிய என் மகள், அன்று மரத்தடியிலே ஒரு மணி நேரம் அம்மொழியிற் பேசியிருக்கிறாள்.

பிழைப்புக்காகப் போவோர்

பூக்காரியின் சொற்கள் என்னை வெகுநாள் சிந்திக்க வைத்தன. தனிப் பயணம் நமக்கு ஓர் அநுபவம். எத்தனையோ பெண்களுக்கு அது பிழைப்பு. மலையகத் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு வரும் பெண்கள் தனியே வருகின்றார்கள். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் கடல் கடந்து தனியே செல்கின்றார்கள். பெண்கள் தனியே போகலாமா என்று நாம் விறாந்தையிலிருந்து விவாதிக்கும்பொழுது, அவர்கள் போய்க்கொண்டே இருக்கின்றார்கள். அவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆபத்தே இல்லை என்று கூறுவது பொய்யாகும். இந்நாட்டின் பஸ்களிலும் புகையிரதங்களிலும் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கின்றனர் என்று ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு 2017இல் தெரிவித்தது. நாம் தலைகுனிய வேண்டிய கணக்கு அது. அதற்காகப் பெண்களை வீட்டில் இருத்துவது, கள்வனுக்காகப் பயந்து கடைக்காரனைச் சிறையிடுவதற்கு ஒப்பாகும். திருந்த வேண்டியது பஸ். பஸ்ஸிலே அக்கிரமத்தைக் கண்டும் காணாததுபோல் யன்னலுக்கு வெளியே பார்க்கும் நம் போன்றோரும் திருந்த வேண்டும். தனியே வரும் பெண்ணொருத்திக்கு, ஆரியச்சக்கரவர்த்தி அனுப்பிய பல்லக்கு வேண்டியதில்லை. பக்கத்து ஆசனத்திலே ஒரு நேர்மையான மனிதர் இருந்தாற் போதும்.

போவோருக்கும் அனுப்புவோருக்கும்

முதன்முறை தனியே செல்லும் மாணவருக்குச் சில குறிப்புகள். முதற்பயணம் சிறியதாக இருக்கட்டும். ஒரு பகலுக்குள் போய் மீளத்தக்க ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். பொழுது சாயுமுன் தங்குமிடத்தை அடையுங்கள். எங்கே, எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்பதை வீட்டிலே எழுதிவைத்துச் செல்லுங்கள். பணத்தை ஒரே இடத்தில் வையாது இரண்டிடத்தில் வையுங்கள். அடையாள அட்டையை மறவாதீர்கள். பொலிஸ் அவசர அழைப்புக்கு 119ஐயும், மகளிர் உதவிக்கு 1938ஐயும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போகுமிடத்து மொழியிலே பத்து வசனங்களாவது கற்றுக்கொள்ளுங்கள். மனம் ஒப்பாத இடத்தைவிட்டு எழுந்துபோக எவருடைய அனுமதியும் தேவையில்லை. தொலைபேசியைப் பைக்குள் வைத்து, கண்ணையும் காதையும் வெளியே வையுங்கள். இரவிலே ஒரு பக்கமாயினும் எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தனியே போவதற்கு வேண்டியவற்றை ஒரே நாளிலே கொடுத்துவிட இயலாது. பத்து வயதிலே கடைக்கு அனுப்புங்கள். பதினான்கு வயதிலே பஸ்ஸேறி அத்தை வீட்டுக்குப் போகவிடுங்கள். வழி தவறினால் ஏசாதீர்கள். தவறிய வழியை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். இன்றோ நாளையோ நம் பிள்ளைகள் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் தூர தேசங்களுக்குப் போகத்தான் போகின்றார்கள். தொரன்ரோவிலோ மெல்பேணிலோ முதன்முறையாகத் தனித்து நிற்பதைவிட, அநுராதபுரத்திலே முதன்முறையாகத் தனித்து நிற்பது அவர்களுக்கு நன்று. நம் சொந்த நாட்டை நமது பிள்ளைகள் அஞ்சாமல் அறிந்திருப்பதும் நன்று.

மறுநாள் மாலை மகள் வீடு வந்து சேர்ந்தாள். முகம் வெயிலிற் கறுத்திருந்தது. கையிலே வாடிய ஒரு தாமரைப் பூ. தாயார் அதை வாங்கிச் சுவாமி படத்தின் முன் வைத்தார். கதை முழுவதையும் குறுக்கிடாமற் கேட்டார். வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு,

“அந்தப் பூக்காரியின்ரை மோளுக்கு என்ன பேர்?” என்று வினவினார்.

“கேட்க மறந்துபோனன், அப்பம்மா.”

“அடுத்த முறை போகேக்கை கேட்டுக்கொண்டு வா” என்றார் என் தாயார்.